எந்த வேப் வாங்கலாம் என்று கேட்ட மருமகனுக்கு

அன்பு மருமகனுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். மூன்றாவதைப் பார்த்துவிட்டு உன் அத்தை, இது மோட்டார் பேட்டரியா என்று கேட்டாள். கையில் இருநூறு வெள்ளி இருக்கிறது, தீர்ந்தால் தூக்கிப்போடும் டிஸ்போசபிள் வாங்கி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, நல்லதாக ஒன்றை வாங்கி நிலையாக வைத்துக்கொள்ளலாமா, மாமா ஒயர்மேன்தானே, பேட்டரி விஷயம் தெரியும், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். திட்டு விழும் என்று முன்கூட்டியே இரண்டு கும்பிடும் போட்டிருக்கிறாய். ஒரு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

நீ சிகரெட்டே தொடாதவனாக இருந்திருந்தால் இந்தக் கடிதம் 'வாங்காதே' என்பதோடு முடிந்திருக்கும். படிவம் 5-இல் தொற்றிக்கொண்ட சிகரெட்டை, வேப் கைக்கு வந்த பிறகுதான் நீ விட்டாய் என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதைப் பிறகு பேசுவோம். சிகரெட்டை விட்டது நல்ல காரியம். எரியும் புகையிலையில்தான் தாரும் கார்பன் மோனாக்சைடும் வருகின்றன; வேப்பில் எதுவும் எரிவதில்லை, திரவம் சூடாகி ஆவியாகிறது. சீனாவில் 2003-இல் இதை உருவாக்கிய ஹோன் லிக் என்கிற மருந்தாளுநர், அப்பாவை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். தானும் சிகரெட்டை விட வழி தேடியவர். இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2015-இல், வேப்பின் தீங்கு சிகரெட்டைவிட ஏறக்குறைய 95 விழுக்காடு குறைவு என்று மதிப்பிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் அப்படிப் பேசுவதில்லை, நம் சுகாதார அமைச்சும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவன் இங்கிலாந்துக்காரர் பேச்சைக் கேட்கலாம்; எதையும் பிடிக்காதவன் நம் அமைச்சு சொல்வதைக் கேட்கவேண்டும். இரண்டையும் மாறி மாறிப் பிடிப்பவனுக்கு எந்தப் பேச்சும் உதவாது. அறை நண்பன் நீட்டும்போது ஒன்று, மழைக்கு ஒன்று என்று நீ இன்னும் சிகரெட் வாங்கினால், எந்தக் கருவி வாங்கினாலும் இருநூறு வெள்ளி கடலில்தான்.

இப்போது படங்களுக்கு வருகிறேன். முதலாவது விரல் நீளத்தில் இருக்கும் சின்னப் பாட், திரவம் ஊற்றிக்கொள்ளும் வகை. இரண்டாவது கொஞ்சம் பெரியது, வாட் கூட்டிக் குறைக்கலாம். மூன்றாவது இரண்டு 18650 செல் போடும் பாக்ஸ் மோட். கடைக்காரர் மூன்றாவதைத்தான் அதிகம் சிபாரிசு செய்தார் என்று எழுதியிருக்கிறாய். அவர் செய்வார்.

போலிடெக்னிக்கில் மின்னியல் படிக்கிற பையனுக்கு ஓம் விதியை நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் கடையில் நிற்கும்போது அது ஞாபகம் வராது, அதனால் சொல்கிறேன். முதல் படத்தில் உள்ள பாட்டின் காயில், அதாவது திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள், 0.8 ஓம். பேட்டரி 3.7 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் ஓடும் மின்சாரம் 4.6 ஆம்பியர், சக்தி 17 வாட். மூன்றாவதில் கடைக்காரர் பெருமையாகக் காட்டியது 0.2 ஓம் காயில். அதே 3.7 வோல்ட்டில் ஒற்றைச் செல்லுக்குக் கணக்குப் போடு: 18.5 ஆம்பியர், 68 வாட். செல் முழுசாகச் சார்ஜ் ஆகி 4.2 வோல்ட்டில் இருக்கும்போது 21 ஆம்பியர். நல்ல கம்பெனி 18650 செல்களிலேயே பலவற்றுக்குத் தொடர்ந்து தாங்கும் எல்லை 20 ஆம்பியர்தான். நடுவில் ஒரு சர்க்யூட் போர்டு நின்று அளந்து கொடுப்பதால் பாக்ஸ் மோட்டில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. அந்தப் போர்டே இல்லாமல், வெறும் குழாயும் சுவிட்சுமாக வரும் மெக் மோட்டை எவனாவது பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே போகாதே. அமெரிக்காவில் 2018-இல் ஃபுளோரிடாவிலும் 2019-இல் டெக்சஸிலும் வேப் வெடித்து ஆளே இறந்திருக்கிறார்கள். ஃபியூஸ் இல்லாமல் லோடு கொடுக்கிற எந்த வேலையையும் நான் செய்ததில்லை. வாய்க்கு நேராக வைத்துக்கொள்ளும் கருவியில் அதைச் செய்ய எவனுக்கும் வேலையில்லை.

வாட் ஏறினால் புகை மண்டலம் ஏறும், பார்க்க ஜோராக இருக்கும். கூடவே திரவமும் இறங்கும். காசுக் கணக்கு தொடங்குவது இங்கேதான். கருவியின் விலையை மட்டும் பார்ப்பதுதான் கடைக்காரர்களுக்கு நீ செய்யும் பெரிய உபகாரம். சின்னப் பாட் என்றால் ஒரு நாளைக்கு இரண்டரை, மூன்று மில்லி போகும். 60 வாட்டுக்கு மேல் இழுத்தால் பத்து மில்லி சாதாரணமாகப் போகும். திரவத்துக்கு அரசாங்கம் போட்டிருக்கும் கலால் வரி மில்லிக்கு 40 சென். முப்பது மில்லிக்கு வரி மட்டுமே 12 வெள்ளி. பாக்ஸ் மோட்டில் மாதம் முந்நூறு மில்லி இழுத்தால், திரவத்தின் விலையை விட்டுவிடு, வரியாக மட்டும் 120 வெள்ளி கட்டியிருப்பாய். உன் ஹோட்டல் வேலைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 8 வெள்ளி 17 சென். நீ சனி ஞாயிறில் தட்டு தூக்குகிற நேரத்தில் ஏறக்குறைய பதினைந்து மணி நேரம் அந்த வரிக்கே சரியாகிவிடும்.

சின்னப் பாட் வாங்கினாலும் செலவில்லாமல் இல்லை. உள்ளே இருக்கும் பஞ்சு கருகினால் காயிலை மாற்றவேண்டும். பத்து நாளோ இரண்டு வாரமோ, இழுக்கிற இழுப்பைப் பொறுத்தது. இனிப்பு அதிகமுள்ள திரவம் காயிலைச் சீக்கிரம் கருக்கும். தே தாரேக், மாம்பழ லஸ்ஸி என்றெல்லாம் பெயர் வைத்து விற்கிறார்களே, நாக்குக்கு எவ்வளவு இனிப்போ காயிலுக்கு அவ்வளவு கேடு. (மாம்பழ லஸ்ஸி குடிக்கவேண்டும் என்றால் குடி. ஆறு வெள்ளிக்குள் முடிந்துவிடும்.)

'வரி கட்டாத திரவம் பாதி விலைக்குக் கிடைக்கிறது மாமா' என்று நீ சொல்லப்போவதும் தெரியும். அதில் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. செயற்கைக் கஞ்சா கலந்த வேப் திரவத்தை நம் போலீஸ் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. அமெரிக்காவில் 2019-இல் திடீரென்று இளவட்டங்கள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர், அதில் 68 பேர் இறந்துபோனார்கள். தேடிப் பார்த்ததில், பெரும்பாலும் கள்ளச் சந்தையில் வாங்கிய கஞ்சா வேப்பில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட் என்கிற எண்ணெய்தான் முக்கியக் காரணம் என்று தெரிந்தது. லேபிள் இல்லாத போத்தலை ஐந்து வெள்ளிக்குக் கொடுத்தாலும் வாங்காதே. யாரோ நீட்டுகிற வேப்பில், 'ஒரு இழுப்பு மச்சான்' என்றாலும் வாய் வைக்காதே. முன்பு சிகரெட்டைப் பங்கு போட்டால் எச்சில்தான் பங்கு வந்தது. இப்போது என்ன வருகிறதென்று சொல்ல முடியாது.

உன் அம்மாவும் நானும் சுவா பெத்தோங் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள் என்பதால் மேலே போட்ட சம்பளக் கணக்கு எனக்கு வேறு ஒன்றை ஞாபகப்படுத்துகிறது. அந்தக் காலத்துத் தோட்டங்களில் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருக்கும், உரிமம் வாங்கி நிர்வாகமே நடத்தும். ஆபீசில் கொடுத்த சம்பளம் சாயங்காலம் கள்ளுக்கடை வழியாகத் திரும்பி வரும். பால் வெட்டிய கைக்குக் கொஞ்சம் மறதி, துரைக்குக் கொஞ்சம் வருமானம். போருக்குப் பிறகு இதை எதிர்த்துத் தோட்டத்துப் பையன்களே கிளம்பினார்கள். கெடாவில் பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கட்டி, கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1947-இல் அது போலீசோடு மோதலாகி உயிர்ச்சேதம் வரை போனது. உன் பள்ளிப் புத்தகத்தில் இது வந்ததா என்று தெரியவில்லை. அவர்கள் யாரும் கள் கசக்கிறது என்று மறியல் செய்யவில்லை. எந்தப் பையில் போட்ட காசு எந்தப் பைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டார்கள். வேப்புக்குத் துரையும் இல்லை, கங்காணியும் இல்லை. உன் போனில் வருகிற விளம்பரமும், உன் அறை நண்பன் விடுகிற புகையும் போதும்.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். நீ இப்போது பிடிக்கும் டிஸ்போசபிளின் பெட்டியைத் திருப்பிப் பார். 12 மில்லி, 5 விழுக்காடு என்று போட்டிருந்தால், மில்லிக்கு 50 மில்லிகிராம் கணக்கில் 600 மில்லிகிராம் நிக்கோட்டின் அந்தச் சின்னக் குழாயில் இருக்கிறது. அத்தனையும் ரத்தத்தில் ஏறாது. ஆனால் ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது ஏறக்குறைய ஒரு மில்லிகிராம்தான் என்பதை மனதில் வைத்துக்கொள். இவ்வளவு கெட்டியான நிக்கோட்டினைப் பழைய முறையில் இழுத்தால் தொண்டை கிழியும், இருமி எறிந்துவிடுவாய். அதற்குத்தான் அமிலம் சேர்த்து உப்பு வடிவமாக்கினார்கள், சால்ட் நிக் என்கிறார்களே அது. அமெரிக்காவில் 2015-இல் வந்த ஜூல் என்ற வேப் இதை வைத்துத்தான் சந்தையைப் பிடித்தது. தொண்டையில் உறுத்தாது, அதனால் எவ்வளவு இழுக்கிறோம் என்பதும் தெரியாது. சிகரெட் ஒன்று முடிந்தால் அணைத்துவிட்டு வகுப்புக்குப் போவாய். இதற்கு முடிவே கிடையாது. படுக்கையில், கழிவறையில், லெக்சர் நடுவே சட்டைக் காலருக்குள். நீ சிகரெட்டை விட்டாய் என்பது உண்மை. நிக்கோட்டின் முன்னைவிடக் கூடியிருக்கிறதா என்று நீதான் கணக்குப் பார்க்கவேண்டும். காலையில் கண் விழித்ததும் கை எதைத் தேடுகிறது என்று கவனி. போனுக்கு முன்னால் வேப்பைத் தேடினால் பதில் கிடைத்துவிட்டது.

இதில் உன்னை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நீ பிறந்தது 2006. நீ படிவம் 5 படித்தது 2023. அந்த வருடம் மார்ச் 31-ஆம் தேதி, அப்போதைய சுகாதார அமைச்சர் சலிஹா முஸ்தபா, திரவ நிக்கோட்டினை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார். மறுநாளே வரி வசூல் தொடங்கியது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வேப் விற்கக்கூடாது என்று சொல்லும் சட்டம், 852-ஆம் எண் சட்டம், நடப்புக்கு வந்தது 2024 அக்டோபர் 1-ஆம் தேதி. இடையில் பதினெட்டு மாதம். வரி வாங்க ஒரு நாள்கூடத் தாமதமில்லை, பிள்ளைகளைக் காக்க ஒன்றரை வருடம். நீ பள்ளிச் சீருடையில் முதல் டிஸ்போசபிள் வாங்கியது அந்த இடைவெளியில்தான். விற்றவன் குற்றவாளியே இல்லை. அதற்கு முன்பே நிலைமை மாறிக்கொண்டுதான் இருந்தது. 2022 தேசிய ஆய்வில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 14.9 விழுக்காட்டினர் வேப் பிடித்தார்கள், சிகரெட் 6.2 விழுக்காடு. 2017-இல் வேப் 9.8, சிகரெட் 13.8. சிகரெட் இறங்கிய இடத்தில் வேப் ஏறி உட்கார்ந்துகொண்டது.

2007 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்குச் சிகரெட்டும் வேப்பும் ஆயுள் முழுக்க விற்கவே கூடாது என்று ஒரு பிரிவை கைரி ஜமாலுடின் 2022-இல் மக்களவைக்குக் கொண்டுவந்தார். அது 2023 நவம்பரில் மசோதாவிலிருந்து கழற்றப்பட்டது. அரசியலமைப்பின் சமத்துவ விதிக்குப் பொருந்தாது என்று சட்டத்துறைத் தலைவர் தரப்பில் சொன்னார்கள். அது நின்றிருந்தால் தடைக்கு நீ வெளியே, உன் தங்கச்சி உள்ளே. என்னைப் பொறுத்தவரை அதை எடுத்தது தவறு. சட்டம் போகட்டும், உன் தங்கச்சி கையில் இது போகாமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு. வாங்குவதை வீட்டில் எங்கே வைக்கிறாய் என்பதும் அதில் சேர்த்திதான். திரவப் போத்தலை யாராவது சின்னப்பிள்ளை குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, பழவாசனை வேறு.

சட்டத்தைப் பற்றி இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் இருநூறு வெள்ளி. 2025-இல் சுகாதார அமைச்சர் டாக்டர் சுல்கிஃப்ளி அகமது, வேப்புக்கு முழுத் தடை வருமா என்பது இனிக் கேள்வியில்லை, எப்போது என்பதுதான் கேள்வி என்கிற தொனியில் பேசத் தொடங்கினார். படிப்படியாகத் தடை, அதில் முதலில் திரவம் ஊற்றிக்கொள்ளும் திறந்த வகை என்றும் சொன்னார். அதில்தான் போதைப்பொருளைக் கலக்க முடிகிறதாம். ஜொகூரும் கிளந்தானும் ஏற்கெனவே பல வருடமாக விற்பனையைத் தடுத்திருக்கின்றன. திரங்கானுவும் பெர்லிஸும் 2025 ஆகஸ்டில் சேர்ந்துகொண்டன. நீ அனுப்பிய மூன்று படமும் திறந்த வகை. இருநூறு வெள்ளிக் கருவியை மூன்று வருடம் வைத்து ஓட்டலாம் என்று கணக்குப் போட்டால், திரவமும் காயிலும் கடையில் கிடைக்காத நாள் அதற்கு முன்பே வரலாம். நிலையாக வைத்துக்கொள்ள இது ஃபிரிட்ஜ் இல்லை.

இன்னும் சில இடங்களில் இதைப் பையில் வைத்திருப்பதே வம்பு. படிப்பு முடிந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் யோசனை உனக்கு உண்டு. அங்கே 2018 பிப்ரவரி முதல் வைத்திருந்தாலே குற்றம். 2025 செப்டம்பரிலிருந்து முதல் தடவை பிடிபட்டால் 700 சிங்கப்பூர் வெள்ளி. எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்திருந்தால் அது போதைப்பொருள் வழக்கு. ஹாட் யாய் போகும் கூட்டத்தோடு போனாலும் எடுத்துப் போகாதே, தாய்லாந்தில் 2014 கடைசியிலிருந்தே இறக்குமதிக்குத் தடை. பழனிக்குப் பாட்டியை அழைத்துப் போகும்போதும் அப்படித்தான், இந்தியா 2019-இல் தடுத்துவிட்டது. இங்கேயே உன் போலிடெக்னிக் வளாகமும் சாப்பாட்டுக் கடையும் புகைக்கத் தடை உள்ள இடங்கள், வேப்புக்கும் சேர்த்துத்தான். தெலுக் கெமாங் கடற்கரைக் கடையில் உட்கார்ந்து ஊதி, அபராதச் சீட்டு வாங்கிவந்து என்னிடம் கடன் கேட்காதே.

சரி, இத்தனையும் கேட்டுவிட்டு, 'அப்படியானால் எது மாமா?' என்பாய். முதல் படம். சின்னப் பாட். அதுவும் எழுபது, எண்பது வெள்ளிக்கு மேல் போகாதே. 0.8-லிருந்து 1.2 ஓம் வரை காயில் கிடைக்கிறதா பார். சிகரெட் போல வாயில் வாங்கி இழுக்கும் இறுக்கமான காற்று வேண்டும். நேராக நுரையீரலுக்கு இழுக்கும் வகை உனக்கு வேண்டாம். திரை, வண்ண விளக்கு, விளையாட்டு எல்லாம் பேட்டரியைத் தின்னும், காசையும் தின்னும். சிரிம் தர முத்திரை இருக்கிறதா பார். 2022-இல் இந்தக் கருவிகளுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். அதைவிட முக்கியம், அதற்குரிய மாற்றுப் பாட் போர்ட்டிக்சனிலோ லுக்குட்டிலோ இரண்டு கடையிலாவது கிடைக்கவேண்டும். இணையத்தில் விற்கக்கூடாது என்று சட்டம் இருப்பதால் ஷாப்பியை நம்ப முடியாது. கடையில் தள்ளுபடி விலையில் மூலையில் கிடப்பது பெரும்பாலும் பாட் நின்றுபோன மாடலாக இருக்கும். கருவி பத்து வெள்ளி குறைவு என்று வாங்கிவிட்டு, பாட்டுக்காகச் சிரம்பான் வரை மோட்டாரில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு போவாய்.

புதுப் பாட் ஒன்றில் திரவம் ஊற்றியதும் இழுக்காதே. பத்து நிமிடம் பஞ்சு ஊறட்டும். ஊறாத பஞ்சு கருகினால் காயில் அன்றே போய்விடும், கருகலில் வருகிற ஆல்டிஹைட் உன் நெஞ்சுக்குள் போகும். சார்ஜ் ஏற்ற உன் போனின் வேகமான சார்ஜரைச் செருகாதே. பழைய 5 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் என்னிடம் ஒன்று இருக்கிறது, தருகிறேன். தலையணைக்கடியில் வைத்து ஏற்றக்கூடாது, மோட்டார் சீட்டுக்கடியில் வெயிலில் வைக்கக்கூடாது. தனிச் செல் போடுகிற கருவியை நண்பன் இனாமாகவே கொடுத்தாலும் ஒன்று தெரிந்துகொள்: 18650 செல்லில் நல்ல கம்பெனிகளே பெரும்பாலும் 3600 மில்லிஆம்பியர்-மணிக்குப் பக்கத்தில்தான் அடைக்கின்றன. 9900 என்று அச்சிட்டிருந்தால் பொய்ச் செல். மேல் உறை கிழிந்த செல்லைச் சாவிக்கொத்தோடு ஒரே பாக்கெட்டில் போட்டவன் தொடையில் தீக்காயத்தோடுதான் திரும்புவான். மேசை டிராயரில் சேர்த்து வைத்திருக்கிறாயே தீர்ந்துபோன டிஸ்போசபிள்கள், அவற்றிலும் லித்தியம் செல் இருக்கிறது. குப்பையில் போட்டால் குப்பை லாரியில் தீப்பிடிக்கும். இங்கிலாந்து 2025 ஜூனில் டிஸ்போசபிளையே தடைசெய்ததற்கு அந்தக் குப்பையும் ஒரு காரணம். என்னிடம் கொண்டுவா, என் பழைய பேட்டரிகளோடு சேர்த்து மின்கழிவில் போட்டுவிடுகிறேன்.

இந்தச் சின்னப் பாட்டை நான் சொல்வதற்கு விலை மட்டும் காரணமில்லை. இதில்தான் நிக்கோட்டின் அளவை நீ முடிவு செய்யலாம். டிஸ்போசபிளில் கம்பெனி அடைத்ததுதான். இதில் முதல் போத்தலை 50-இலிருந்து 35-க்கோ 30-க்கோ இறக்கு. ஒரு போத்தல், இரண்டு போத்தல் முடியட்டும். அப்புறம் 20. அவசரப்பட்டு ஒரே பாய்ச்சலில் 3-க்குப் போனால் உடம்பு ஏமாறாது, இரண்டு மடங்கு இழுக்கும். காசும் போகும், கடுப்பில் சிகரெட்டும் வாங்குவாய். அளவு இறங்க இறங்கத் திரவம் அதிகமாகிறதா என்று பார்த்துக்கொள். அதிகமானால் அங்கேயே கொஞ்ச நாள் நின்றுவிட்டு இறங்கு. பாக்ஸ் மோட் வாங்கினாலும் 3 மில்லிகிராம் திரவம்தான் மாமா, குறைவுதானே என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்திருப்பார். நாளைக்குப் பத்து மில்லி இழுத்தால் 30 மில்லிகிராம். 20 மில்லிகிராம் திரவத்தில் ஒன்றரை மில்லி இழுப்பவனும் அதே 30-தான். அவனுக்கு இறங்க இடம் இருக்கிறது, காசும் மிச்சம்.

இறக்கமுடியாமல் ஒரு கட்டத்தில் நின்றுபோனால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் புகை நிறுத்தும் சேவை இருக்கிறது, எம்குயிட் என்று பெயர். வேப்புக்காரர்களும் போகலாம். சீட்டுக்கு ஒரு வெள்ளி. உட்காரவைத்துப் பேசுவார்கள், தேவைப்பட்டால் நிக்கோட்டின் சூயிங்கம்மோ மருந்தோ கொடுப்பார்கள். 'எவ்வளவு பிடிக்கிறாய்' என்று கேட்டால் குறைத்துச் சொல்லாதே, மருந்தின் அளவை அதை வைத்துத்தான் போடுவார்கள். வேப் கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உன்னை விடச் சொல்லிப் பேச அவருக்குக் காரணம் இல்லை. கிளினிக் நர்சுக்கு இருக்கிறது.

மிச்சமாகும் நூற்றிருபது வெள்ளியில் முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்கு, இரண்டாம் செமஸ்டர் முழுக்க ஆய்வுக்கூடத்தில் கடன் வாங்கிக்கொண்டிருப்பதாக உன் அம்மா சொன்னாள். நல்லது எது என்று அந்த விஷயத்தில் என்னைக் கேட்டால் தயங்காமல் சொல்வேன். வாங்கப்போகும் பாட்டின் பெயரைப் பணம் கட்டுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு. காயில் எத்தனை ஓம் என்று பெட்டியின் பின்பக்கத்தையும் படம் எடு. அடுத்த ஞாயிறு ஹோட்டல் வேலை இல்லையென்றால் வீட்டுக்கு வா, அத்தை நண்டு வாங்கிவைக்கிறேன் என்கிறாள். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. அவளுக்கு எப்போதோ தெரியும், உன் சட்டையைத் துவைக்கிறவள் அவள்தான்.

அன்புடன்,
மாமா